பொன்னும் தாளும்: இசை நாடகக் கலைஞரின் நினைவுப் பொருள்கள்

மன்னன் மறைந்த பின்னரும் அவன் பொறித்த கல் நிற்கின்றது. புலவன் மறைந்த பின்னரும் அவன் யாத்த ஏடு வாழ்கின்றது. நாடகக் கலைஞனுக்கோ அப்பேறு எளிதில் வாய்ப்பதில்லை. இரவு முழுதும் நாடாண்டும் நாடிழந்தும் சுடலை காத்தும் நின்ற அரிச்சந்திரன், விடியற்காலையில் கிணற்றடிக்குச் சென்று அரிதாரத்தைக் கழுவுகின்றான். அவன் கழுவி முடிப்பதற்குள் படுதாக்கள் சுருட்டப்படுகின்றன. கொட்டகையின் கீற்றுகள் பிரிக்கப்படுகின்றன. பெட்டிகள் அடுத்த ஊருக்குச் செல்லும் வண்டியில் ஏற்றப்படுகின்றன. ஆயிரவர் கேட்டு உருகிய இசை காற்றோடு கலந்துவிடுகின்றது. எஞ்சுவது யாது? அக்கலைஞனின் தகரப் பெட்டியின் அடியில், துணிகளுக்கு இடையே மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு பொருளே பெரும்பாலும் எஞ்சுவதாகும். அது ஒரு பதக்கமாக இருக்கலாம். பாட்டெழுதிய குறிப்பேடாக இருக்கலாம். ஒரு துண்டறிக்கையாகவோ, ஒரு கடிதமாகவோ இருக்கலாம். இசை நாடக வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இத்தகைய பொருள்களே கல்வெட்டும் செப்பேடும் ஆகின்றன.

இசை நாடகம் என இன்று வழங்கும் கலைவடிவம் தெருக்கூத்தின் நேர்வழித் தோன்றல் மட்டும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் நகரில் பார்சி வணிகர் ஆதரவில் வளர்ந்த நாடகக் குழுக்கள், வண்ணப் படுதாக்களும் பக்கத் தட்டிகளும் பல்வகை மெட்டுகளும் கொண்டு ஊர் ஊராகச் சென்றன. தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் அவை வந்தன. அவற்றின் தாக்கத்தாற் கொழும்பிலே சிங்கள மொழியில் 'நூர்த்தி' என்னும் நாடக வகை எழுந்தது. ஜோன் டி சில்வா முதலியோர் அதனை வளர்த்தனர். 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அதற்கு நிலையான இல்லமாயிற்று. தமிழகத்தில் தஞ்சாவூர்க் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடக சபை முதலியவை புதிய மேடைமுறையைப் பரப்பின. அம்முறைக்குத் தமிழ் உயிரூட்டிய பெருமை சங்கரதாஸ் சுவாமிகளைச் (1867–1922) சாரும். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய அவர்தம் நாடகங்கள் மேடைக்கு மேடை ஒலித்தன.

இவ்வகை நாடகங்களுள் 'ஸ்பெஷல் நாடகம்' எனப்பட்டதன் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். அதில் நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வருவர். ஒத்திகை என்பது இல்லை. எல்லோரும் ஒரே பாடத்தை முன்னரே கற்றிருந்தமையால், மாலையில் சந்தித்தவர்கள் அன்றிரவே ஒரு முழு நாடகத்தை நடத்தி முடிப்பர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவர்களை இணைக்கும் நூலாக இருப்பர். விடியும்போது ஒவ்வொருவரும் தத்தம் வழியே பிரிந்து செல்வர். இங்ஙனம் கூடிப் பிரியும் வாழ்வில், நடந்தது நடந்ததே என்று சான்று கூறுவதற்கு ஒவ்வொருவர் கையிலும் ஏதேனும் ஒரு பொருள் தேவைப்பட்டது. நினைவுப் பொருளின் தேவை இவ்விடத்தேதான் பிறக்கின்றது.

தென்னகக் கலைஞரின் பயணத்தில் இலங்கை தனியிடம் பெற்றிருந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் உண்டு. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்தும் ஏற்பட்ட பின்னர், சென்னையில் ரெயிலேறியவர் இடையே ஒரு சிறு கடலைக் கடந்து மீண்டும் ரெயிலிலேயே கொழும்பை அடைதல் எளிதாயிற்று. கொழும்பிலே தமிழ் வணிகரும் எழுத்தரும் தொழிலாளரும் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்திலோ கூத்து மரபில் ஊறிய சுவைஞர் காத்திருந்தனர். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை 1911இல் இலங்கைக்கு வந்தது. கற்றோரும் மேடையேறலாம் என்னும் எண்ணத்தை அவ்வருகை இங்கே ஊன்றியது. கலையரசு க. சொர்ணலிங்கம் முதலியோர் இலங்கா சுபோத விலாச சபையின் வழி அவ்வெண்ணத்தைச் செயலாக்கினர்.

மலைநாட்டின் நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்கள் உடன் கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. எனினும் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் அவர்கள் நினைவில் வந்தன. மாசித் திங்களில் லயங்களின் முன்னே மன்மதனும் ரதியும் இன்றும் தோன்றுகின்றனர். மாத்தளை, கண்டிப் பகுதிகளின் சிங்களச் சிற்றூர்களிலே அறுவடை முடிந்த களத்தில் ஆடப்படும் 'சொக்கரி'யும் இங்கு எண்ணத்தக்கது. பாரத நாட்டிலிருந்து ஒரு குருவும், அவன் மனைவி சொக்கரியும், அவர்தம் பணியாளும் கடல் கடந்து இலங்கைக்கு வருதலே அக்கூத்தின் கதை. கடல் கடந்து வந்தவரின் நினைவு, இருமொழி மக்களிடத்தும் கூத்தாகவே தங்கியிருத்தல் காண்க.

இனி, கலைஞர் போற்றிய பொருள்களை வகைப்படுத்தி நோக்குவோம். அவற்றுள் முதன்மையானது பதக்கம். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே ஊர்ச் செல்வர் ஒருவர் மேடையேறி, பாட்டிலே மகிழ்ந்து, பொற்பதக்கம் ஒன்றை நடிகரின் மார்பிற் குத்துவார். அதன்பொருட்டு நாடகம் சிறிது நேரம் நிற்கும். முருகனாயினும் கோவலனாயினும் அதனை ஏற்று வணங்கி, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்வான். பதக்கங்கள் பெருகப் பெருக, வேடத்தின் மீதே அவற்றை வரிசையாக அணிந்து நிற்றல் வழக்கமாயிற்று. அக்காலப் புகைப்படங்களில் மார்பு நிறையப் பதக்கம் பூண்ட ராஜபார்ட் நடிகரைக் காணலாம். கதைக்குப் பொருந்தாத அணி என இக்காலத்தார் நகைக்கக்கூடும். ஆயினும் கலைஞனின் நோக்கில் அஃது அணி அன்று, சான்றிதழ். பதக்கத்தில் ஊரும் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டிருந்தால், எழுத்தறியாத கலைஞன் கையிலும் தன் வரலாறு எழுத்திலே இருந்தது.

ஆனால் பொன்னுக்கு ஒரு குறை உண்டு. அதனை உருக்கலாம். மழைக்காலத்தில் நாடகம் இராது. நாடகம் இல்லையேல் வருவாய் இல்லை. பிணிவந்த காலத்தும் மகளின் மணம் வந்த காலத்தும் பதக்கம் அடகுக் கடைக்குச் சென்றது. மீளாதவை தட்டானின் உலையிலே உருகி வளையலாயின. உருகியது பொன் மட்டும் அன்று. அதிற் பொறித்திருந்த ஊரும் பெயரும் நாளும் அவற்றோடு ஒழிந்தன. விலை மிகுந்த நினைவுப் பொருளே விரைவில் அழிந்தது என்பது இவ்வரலாற்றின் முதற் பாடமாகும்.

இரண்டாவது வகை தாள். மாட்டுவண்டியிலே வாத்தியம் முழங்க ஊர் சுற்றி வீசப்பட்ட வண்ணத் துண்டறிக்கைகளும், கொட்டகை வாயிலில் விற்கப்பட்ட மலிவுவிலைப் பாட்டுப் புத்தகங்களும், கலைஞர் தம் கையாலே எழுதிவைத்த பாடக் குறிப்பேடுகளும் இதில் அடங்கும். இவற்றுட் குறிப்பேட்டின் பெருமை தனித்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவரைப் பயிற்றினார். தி. க. சண்முகம் சிறுவராக இருந்தபோது அவருக்கெனவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் அவர் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. பின்னர் வாதநோயாற் சுவாமிகளின் நா அடங்கியது. சொல்லிக் கொடுத்த வாய் மூடியபோது, கற்ற சிறுவரின் நினைவும் எழுதிய ஏடுகளுமே அவர் குரலாயின. 1922இல் அவர் மறைந்தார். அவர் இயற்றிய நாடகங்கள் பல இன்று நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிற்கு நாம் கடமைப்பட்டிருப்பது, தம் பழைய குறிப்பேட்டைக் குப்பையில் எறியாத நடிகர்க்கே ஆகும். தி. க. சண்முகம் 1972இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூல், அத்தகைய பேணுதலின் மிகச்சிறந்த பயன் எனலாம்.

பொன்னும் தாளும் ஒருங்கே வந்து, ஒன்று அகன்று மற்றொன்று நின்ற வரலாற்றைக் காண விழைவோர் செங்கோட்டைக் கிட்டப்பாவையும் கொடுமுடிச் சுந்தராம்பாளையும் நோக்குதல் வேண்டும். அவர்தம் வரலாறு தொடங்கிய இடம் இலங்கை.

எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் செங்கோட்டையிற் பிறந்தவர். இளம்பருவத்திலேயே மேடையேறி, கன்னையாவின் நாடகக் குழுவிற் பெரும்புகழ் ஈட்டினார். உச்சத் தாயியிலும் இனிமை குன்றாத அவர் குரலுக்குச் சங்கீத வித்துவான்களும் செவிசாய்த்தனர். அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் அவரைத் தொடர்ந்தார். கே. பி. சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்திற் பிறந்தவர். ரெயிலிலே பாடிய சிறுமியின் குரல் நாடகத்தாரின் காதுக்கு எட்டியது. வேலுநாயர் நாடகக் குழு அவரை ஏற்றது. இவ்விருவரும் 1926இல் இலங்கையிலே ஒரே மேடையில் இணைந்தனர். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் பாட்டாலே வாதிடும் கட்டம், ஒருவர்க்கொருவர் சளைக்காத இரு குரல்களின் போட்டியாயிற்று. அவ்விணைப்பு மேடையோடு நிற்கவில்லை. 1927இல் மாயவரத்தில் அவர்கள் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பா முன்னரே மணமானவர், குலமும் வேறு. அக்காலச் சமூகம் அம்மணத்தை எளிதில் ஏற்கவில்லை.

மேடையில் அவர்கள் பெற்றது பொன். பதக்கமும் பட்டும் பணமும் வந்தன. வாழ்விற் பெற்றதோ பிரிவு. 1928இற் பிறந்த குழந்தை சில நாளிலேயே மறைந்தது. ஒப்பந்தங்கள் இருவரையும் வெவ்வேறு ஊர்களுக்கு இழுத்தன. மனத்தாங்கலும் குடியும் நோயும் இடைபுகுந்தன. 1933 டிசம்பர் 2ஆம் நாள், 28ஆம் வயதிற் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்பொழுது அகவை 25.

பிரிந்திருந்த காலத்திற் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. துண்டறிக்கைகள் அவர்களைக் கந்தர்வ இணையாகக் காட்டியபோது, இக்கடிதங்கள் ஒரு பெண்ணின் தனிமையையும் ஊடலையும் மான உணர்ச்சியையும் காட்டுகின்றன. வரலாற்று மாணவர் இவற்றில் நோக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. கடிதத்தைக் காப்பவர் எழுதியவர் அல்லர்; பெற்றவரே ஆவர். சுந்தராம்பாளின் ஏக்கமும் குறையும் தாங்கிய அத்தாள்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன என்றால், அவற்றைப் பெற்ற இடத்தில் அவை கிழிக்கப்படவில்லை, அடுப்பில் இடப்படவில்லை, பெட்டியில் வைக்கப்பட்டன. கிட்டப்பாவின் மனத்தைப் பற்றி எந்த மேடைப்பாட்டும் கூறாத ஒன்றை, அக்கடிதங்கள் எஞ்சியிருக்கும் உண்மை கூறாமற் கூறுகின்றது. சொற்பொருள் மட்டுமன்றி, ஒரு பொருள் எவ்விடத்தில் எவரால் காக்கப்பட்டது என்பதும் சான்றாதல் இதனாற் புலப்படும்.

சுந்தராம்பாள் தமக்கென வைத்துக்கொண்ட நினைவுப் பொருள் யாது? அவர் அணிகலன்களைக் களைந்தார், வெள்ளாடை பூண்டார், வேறெந்த ஆடவரோடும் இணைநாயகியாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935இல் 'பக்த நந்தனார்' திரைப்படத்திற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றபோதும் அவ்வுறுதி தளரவில்லை. நந்தனாராக ஆண்வேடத்தையே அவர் ஏற்றார். 1953இல் 'ஔவையார்' ஆனார். 1958இற் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார். 1970இற் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறையும்வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், அவ்வெள்ளாடை மாறவில்லை. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்திற்கு வந்தபோது பொற்றட்டில் உணவு படைத்ததாகவும், அடிகள் வினவ அத்தட்டையும் உடனே நாட்டுப் பணிக்கு ஈந்ததாகவும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. பொன் அவர் கையிற் தங்கவில்லை. அதனை அவர் பொருட்படுத்தவும் இல்லை. நாடகப் பயணம் அவருக்கு ஈந்தவற்றுள் அவர் இறுதிவரை காத்தது விலையற்ற ஒரு வெள்ளைத் துணியே. அதனைப் பெட்டியில் மறைக்காது, ஒவ்வொரு மேடையிலும் உடுத்தி நின்றார்.

மூன்றாவது வகையாக இசைத்தட்டைக் கூறலாம். கிட்டப்பாவின் குரல் இன்று நம் செவிக்கு எட்டுவது அதனாலேயே. எனினும் அது முழுச் சான்று அன்று. மேடையில் ஒரே பாட்டை நெடுநேரம் விரித்துப் பாடியவர், தட்டின் ஒரு பக்கத்திற்கு உரிய மூன்று நிமிட அளவிலே அதனை முடிக்கவேண்டியிருந்தது. அவையோரின் ஆரவாரமும், மறுமுறை பாடுமாறு எழும் குரலும், எதிர்நிற்கும் நடிகையின் மறுமொழியும் அதில் இல்லை. ஆதலால் தட்டு குரலைக் காத்தது, நாடகத்தைக் காக்கவில்லை. துண்டறிக்கையும் குறிப்பேடும் கடிதமும் புகைப்படமும் அதனோடு சேரும்போதே ஓர் இரவின் முழு உருவம் ஒருவாறு தெளிவாகின்றது.

தென்னகத்துக் கலைஞர் விட்டுச் சென்ற மரபை ஈழத்தவர் தமதாக்கிக் கொண்டனர். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) 'நடிகமணி' என்னும் பட்டத்தாலேயே அறியப்பட்டவர். அரிச்சந்திர மயான காண்டத்தை அவர் நடிக்கக் கண்டோர், சுடலையில் நின்று பாடிய அக்குரலை மறந்திலர். கோயில் வீதிகளும் சனசமூக நிலைய முற்றங்களும் அவர் அரங்குகளாயின. ஆயின் இம்மண்ணில் நினைவுப் பொருள்களுக்கு நேர்ந்த இடர் பெரிது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் வந்த போர்க்காலத்தில், வீட்டைவிட்டு ஒரே பையோடு வெளியேறிய குடும்பங்கள் எண்ணில. பழைய நாடக அறிக்கையை எடுத்துச் செல்வதா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்வதா என்ற நிலையில் எது கைவிடப்பட்டிருக்கும் என்பதை எடுத்துக் கூறவேண்டுவதில்லை.

போர் மட்டுமன்றி ஆக்கப் பணியும் இடப்பெயர்ச்சியைத் தருகின்றது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது லக்கல–பல்லேகம. மொரகஹகந்த–களுகங்கைத் திட்டத்தின்பொருட்டு அவ்விடத்துப் பழைய நகரம் கைவிடப்பட்டுப் புதிய நகரம் எழுந்தது. வயலுக்கு நீர் வேண்டும்; அதனை மறுப்பார் இலர். ஆயினும் ஓர் ஊர் நீருக்கு அடியில் மறையும்போது, அங்கே களத்தில் ஆடிய கூத்தும் பாடிய பாட்டும் நிற்பதற்கு நிலமில்லாது போகின்றன. அப்பொழுது அவ்வூரின் வரலாறு, மக்கள் தம் பெட்டியில் எடுத்துச் சென்ற பொருள்களிலேயே தங்குகின்றது. ஊர் ஊராகப் பெயர்ந்த நாடகக் கலைஞரின் நிலைக்கும் பெயர்க்கப்பட்ட ஊராரின் நிலைக்கும் இவ்வகையில் வேறுபாடு இல்லை.

ஆதலின் இப்பொருள்களைப் பேணுதல் பொழுதுபோக்கு அன்று, வரலாற்றுக் கடமை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராக நின்று திரட்டிய நூல்களும் நாடக அறிக்கைகளும் பாட்டுப் புத்தகங்களும், அவர் மறைந்த பின்னர் 1994இற் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அவர் திரட்டியவற்றுட் பல, பிறர் பயனற்றவை எனக் கருதியவை. ஈழத்தமிழரின் அச்சு ஆவணங்களை 2005 முதல் மின்வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனம் எரிந்த நூல்களை மீட்க இயலாது. ஆனால் எஞ்சியவை மீண்டும் எரியாதவாறு செய்ய வல்லது. இத்தகைய முயற்சிகளுக்கு மூலப்பொருள் பெரிய மாளிகைகளில் இல்லை. முன்னாளில் ஆர்மோனியம் வாசித்த பாட்டனாரின் பரணிலும், படுதா இழுத்த மாமனின் பெட்டியிலும், கொட்டகைக்குக் கீற்று முடைந்தவரின் குடிசையிலும் அது கிடக்கின்றது.

அதனைக் கண்டெடுப்போர் செய்யத்தக்கன சில உண்டு. பொருளை வீட்டாரிடமிருந்து பிரிக்காது, முதலிற் படமெடுத்து வைத்தல் வேண்டும். அது யாருக்கு, எவ்வூரில், எந்நாடகத்தின்போது, யாராற் கொடுக்கப்பட்டது என்பதை, நினைவுடையோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். சொல் நீங்கிய பொருள் ஊமைப் பொருளாகும். பதக்கத்தைத் துலக்கி அதன் எழுத்தைத் தேய்த்துவிடுதலும், கிழிந்த ஏட்டைப் பசைத்தாள் கொண்டு ஒட்டுதலும் ஆகா. இவை எளிய செயல்கள். எனினும் ஒரு தலைமுறை இவற்றைத் தவறவிட்டால் அடுத்த தலைமுறையாற் செய்ய இயலாதவை.

நாடகக் கலைஞன் நமக்கு விட்டுச் சென்றது அளவிற் சிறிது. அரசர்க்குக் கல்லிற் பொறிக்க ஆட்கள் இருந்தனர். இவர்க்கு அத்தகையோர் இலர். தம் வாழ்வின் ஓரிரவு வீண்போகவில்லை என்பதற்குச் சான்றாக ஒரு தாளையோ துணியையோ பொன்னையோ தாமே காத்தனர். பொன் உருகியது. தாளும் துணியும், அவற்றைக் காக்க ஒருவர் இருந்த இடத்திலெல்லாம் நின்றன. அக்காப்பாளர் வரிசை அறாது தொடருமாயின், விடியலில் அரிதாரம் கழுவிச் சென்ற அரிச்சந்திரனும் வரலாற்றில் தன் இடத்தைப் பெறுவான்.